ஒன்பதில் வைத்த கணவன்

கோகிலவாணி தன் கணவனை ஒன்பதில் வைத்திருந்தாள்.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். அவளுடைய கைப்பேசியில் ஒரு பச்சைக் கோடு, அதன்மேல் ஒரு சின்ன உருண்டை. விரலால் தள்ளினால் நகரும். பூபதியின் இடது காதுக்குப் பின்னால், மண்டையோட்டுக்கு உள்ளே, கட்டைவிரல் நகம் அளவில் உட்கார்ந்திருந்த சில்லு அந்த உருண்டைக்குக் கட்டுப்படும்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு, கோவை கணபதியில் தன் பட்டறையில் நின்றுகொண்டிருந்தபோது பூபதியின் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. மோட்டார் பம்புக்கு உதிரிப்பாகம் கடையும் கம்ப்யூட்டர் லேத்துகளுக்கு அவனே புரோகிராம் எழுதுவான். அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப்பட்டவனுக்குப் பேச்சு போனது. வலது கை போனது. கூடவே, கோபத்தை அடக்கும் இடமும் கருகிப்போனது என்றார் டாக்டர். ஆர்டெல்லா என்ற கம்பெனியின் சில்லு மூன்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டது. மூன்றே வாரத்தில் பூபதி பேசினான். கோபத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு கொடுத்தார்கள். பெயர் தணிப்பு. அதை நோயாளியிடம் கொடுக்க மாட்டார்கள், பராமரிப்பவரிடம்தான் கொடுப்பார்கள். நாலில் வையுங்கள், போகப் போகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நாலில் அவள் வைத்திருந்தது ஒரே ஒரு நாள். அன்று மாலை, சாமி படத்துக்குப் பூ வைக்கப் போனவளின் சுண்டுவிரலை அவன் எட்டிப் பிடித்தான். பேச்சு சரியாகத் திரும்பாத வாயால் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பதினான்கு வருடப் பழக்கம்.

ஊருக்கெல்லாம் பூபதி தங்கம். விருந்தாளி வந்தால் தானே பரிமாறுவான். கோகிலவாணியையும் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று எதிரே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் அவள் விரலை முறுக்குவான். முகம் மாறாமல் இருந்தால் விட்டுவிடுவான். மாறினால் அவர்கள் போன பிறகு கணக்குத் தீர்ப்பான். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாகத்தான் கூடியிருந்தன. ஒருமுறை பொள்ளாச்சிக்கு, அம்மா வீட்டுக்கு ஓடினாள். மூன்றாம் நாள் கூடப்பிறந்த அண்ணனே காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டான். வாசலில் பூபதி கண் கலங்க நின்றிருந்தான். இப்பேர்ப்பட்ட மனுசனை விட்டுட்டு வர்றியே, உனக்கு என்ன திமிர் என்று வழி நெடுக அண்ணன் திட்டியதுதான் மிச்சம்.

அதனால் ஒன்பது. பத்தில் வைத்தால் வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தான். ஒன்பதில் மனிதனாக இருந்தான். காலையில் காபி போட்டுக் கொடுத்தான். மகள் தருணிகாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். கோகிலவாணியைப் பார்த்து, "சாப்பிட்டியா கோகி?" என்று கேட்டான். முதல்முறை அவன் அப்படிக் கேட்டபோது அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடம் நான்கு மாதம் அப்படி ஓடியது.

அப்புறம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது.

ஆர்டெல்லாவை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். இந்த நாட்டில் முப்பதாம் தேதியோடு சேவை நிறுத்தம். கம்பெனியின் கணினியோடு பேசாமல் சில்லு ஒரு நிமிடம்கூட இயங்காது. பேச்சு போகும், கை போகும், கூடவே சுயநினைவும் போகலாம் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கோகிலவாணி போன் போட்டாள். பெண் குரல் ஒன்று, மனிதக் குரல் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று நான்கு முறை வருந்தியது. புதுச் சில்லு வைக்க மண்டையை மறுபடி திறக்க வேண்டும், இந்த முறை பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தது தருணிகா. பதிமூன்று வயது. அப்பாவின் சிரிப்பை அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் நடந்ததைப் பார்த்ததே இல்லை. அவ்வளவு கவனமாக இருந்தான் அவன். திறமூளை என்று ஒரு குழு இருக்கிறது, கம்பெனி கைவிட்ட சில்லுகளுக்கு அவர்களே நிரல் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள், கோவையிலேயே ஓர் அக்கா இருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அந்த அக்கா ரெஹானா. உக்கடத்துப் பெண், இருபத்தேழு வயது. வந்து உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், கோகிலவாணியை விட்டுவிட்டு பூபதியைப் பார்த்துப் பேசியது. இரண்டு வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"உங்க தலைங்ணா இது. உங்களைத்தான் கேக்கணும்."

கம்பெனியின் நிரல் பூட்டிய பெட்டி மாதிரி, உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது என்றாள். தங்களுடையது திறந்த வீடு. யாரும் படிக்கலாம், தனக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம், எதற்காக மாற்றுகிறாய் என்று கேட்கிற அதிகாரம் எவருக்கும் கிடையாது. ஒரே நிபந்தனை, நன்றாக அமைந்த மாற்றத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி வருவதைக் குழுவில் இருவர் வரி வரியாகப் படித்துச் சரிபார்ப்பார்கள். எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டுத்தான் படிப்பார்கள், வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. பூபதி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். பட்டறையில் தான் எழுதியதைப் பக்கத்துப் பட்டறைக்காரனுக்குக் கண்ணில்கூடக் காட்ட மாட்டேன் என்று சொல்லிச் சிரித்தான்.

ஒன்றே ஒன்று பாக்கி. கம்பெனியின் பூட்டைத் திறக்கப் பராமரிப்பவரின் ஆறு இலக்க ரகசிய எண் வேண்டும். மூன்று பேரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

அவள் ரெஹானாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"எண்ணு தர்றேன். ஆனா அந்த ஒன்பது அப்படியே இருக்கோணும். அவரால தொட முடியாத மாதிரி பண்ணிக் குடு."

"அது முடியாதுங்கக்கா."

"முடியாதா, பண்ண மாட்டியா?"

"பண்ண மாட்டோம்."

கோகிலவாணி இடது கையை மிக்ஸிக்குப் பக்கத்தில், மேடைமேல் விரித்து வைத்தாள். எந்த விரல் எந்த வருடம் என்று சொன்னாள். ரெஹானாவின் கண்கள் நிறைந்தன. போலீசுக்குப் போகலாம், தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்றாள். புகாரில் என்ன எழுதச் சொல்கிறாய், தினமும் காலையில் காபி போட்டுக் கொடுக்கிறார் என்றா என்று கேட்டாள் கோகிலவாணி.

ரெஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்காக நான் ஒரு பூட்டு எழுதினா, அது உங்க வீட்டோட நிக்காது. எல்லாருக்கும் போகும். நாளைக்கு எவனோ ஒருத்தன் அவன் பொண்டாட்டி தலையில அதே பூட்டைப் போட்டு அவளைப் பத்துல வெச்சிருப்பான். இது வரக்கூடாதுன்னுதான் இத்தன வருசமா கம்பெனிக்காரங்களோட மல்லுக்கட்டறோம். ஒருத்தர் தலைக்கு இன்னொருத்தர் கையில சாவி இருக்கக்கூடாதுங்கக்கா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் கோகிலவாணிக்கு வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும். இப்போதைக்கு ஒன்பதிலேயே ஏற்றிக் கொடுக்கிறேன், மாற்றுவதும் மாற்றாததும் அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ரெஹானா கிளம்பிப் போனாள்.

இருபத்தொன்பதாம் தேதிவரை கோகிலவாணி அந்த எண்ணைச் சொல்லவில்லை. தருணிகா சாப்பிட மறுத்தாள். அப்பா ஊமையாகிவிட்டால் உனக்குப் பரவாயில்லையா, உனக்கு அதுதான் வேண்டுமா என்று அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அது வேண்டும் என்று தன்னால் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம் பூபதி ஒரு தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். தருணிகா, கோகி, காபி, தண்ணி, வலி. பேச்சு போவதற்கு முன்னால் எழுதிவைத்துக்கொள்கிறானாம். எந்தெந்த வார்த்தை இல்லாமல் ஒரு மனிதன் இருக்க முடியாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அஞ்சுக்கு மேல் தோன்றவில்லை என்றான்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். விரல்களைக் காட்டி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்குது கோகி. எல்லாமே ஞாபகம் இருக்குது. ஏன் அப்படிப் பண்ணுனேன்னுதான் புரியல. வேற எவனோ பண்ணுனதப் பாக்கற மாதிரி இருக்குது."

"நாளைக்கு இது உங்க கைக்கு வந்துரும். குறைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அவன் தருணிகாவைக் கூப்பிட்டான். ஒன்றும் புரியாமல் வந்து நின்றவளின் தலையில் கை வைத்து, குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். பொய்யே இல்லாத சத்தியம் அது. செய்தவன் ஒன்பதில் இருந்தான், அவ்வளவுதான்.

முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு அவள் ஆறு எண்களையும் சொன்னாள்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பூபதி பழைய உற்சாகத்தோடு நிரலைப் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் சில்லின் பழைய பதிவேடு அவன் கண்ணில் பட்டது. திறந்த வீட்டில் எதற்கும் மறைவு கிடையாது. எந்தத் தேதியில், எந்த மணிக்கு, யார் கையால் தணிப்பு நாலிலிருந்து ஒன்பதுக்குப் போனது என்று அதில் இருந்தது.

டாக்டர் நாலுதானே சொன்னார் என்று அவன் கேட்டான். கோபமே இல்லை. ஒன்பதில் கோபம் வராது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. எட்டில் வைத்துத்தான் பார்ப்போமே, எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றான்.

ஒன்பதில் இருந்தவன் எட்டைப் பார்க்க மட்டும்தான் ஆசைப்பட்டான். எட்டில் இருந்தவனுக்கு ஏழில் தப்பொன்றும் தெரியவில்லை. ஏழில் இருந்தவன், சத்தியத்தைத் தன்னிடம் பிடுங்கியதாக நினைத்தான். ஆறில் இருந்தவன் குழுவின் பொதுப் பலகையில் தன் கதையை எழுதினான்: என் சம்மதம் இல்லாமல் என் மனைவி என்னை இரண்டு வருடம் நாலு மாதம் ஒன்பதில் வைத்திருந்தாள். பெயர் போடாமல்தான் எழுதினான். நானூறு பேர் ஆறுதல் சொன்னார்கள். நான்கில் இருந்தவன் பேசுவதை நிறுத்தினான். அதன் பிறகு இப்போது எந்த எண் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தருணிகா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில் அவளுடைய மூன்றாவது விரல் உடைந்தது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான் பூபதி. அவள் தலையை வருடிக்கொண்டே சொன்னான். கண்களில் இருந்த ஈரம் நடிப்பு மாதிரித் தெரியவில்லை. அதுதான் கோகிலவாணியைக் குழப்பியது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தால் அவன் காபி போடுகிறவனாக இருந்தான். அணைத்தால் மற்றவன் வந்தான். காரணம் விளங்கவில்லை, விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் தருணிகா கிளம்பியதும் டிவியைப் போட்டுவிடுவாள். சீரியல், செய்தி, சமையல், பட்டிமன்றம், எது கிடைத்தாலும் சரி. யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குளிக்கப் போகும்போதுகூட ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போனாள். ஆறு நாள் அவள் நிம்மதியாக இருந்தாள்.

ஏழாம் நாள், பட்டிமன்றத்தில் கைதட்டல் உச்சத்தில் இருந்தபோது, பூபதி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் கடைக்குப் போகும் சாக்கில் வெளியே வந்து ரெஹானாவுக்குப் போன் செய்தாள். ரெஹானா மூன்று மணிக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது. பூபதியின் அனுமதியோடு மடிக்கணினியை இணைத்துப் பார்த்தாள். ஒன்பது.

"ஒன்பதுலதான் இருக்காருங்கக்கா."

"நீ இருக்கறதுனால."

ரெஹானா மேலும் தோண்டினாள். நிரலோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னத் துணுக்கில் வந்து நின்றாள். மொத்தம் நாற்பது வரி. அதன் பெயர் 'வீட்டு நிலை'. அதைப் பார்த்ததும் அவள் கை மடிக்கணினியிலிருந்து விலகியது.

"இது... இதை நான்தான் படிச்சு ஒத்துக்கிட்டேன்."

தயங்கித் தயங்கிச் சொன்னாள். சுற்றிலும் எத்தனை பேர் குரலோ மூச்சோ கேட்கிறது என்று சில்லு எண்ணும். இரண்டு குரலாவது கேட்டால் ஒன்பது. ஒரே குரல்தான் என்றாலோ, தனியாக இருந்தாலோ பூஜ்யம். வெளியே அடக்கமாகவும் வீட்டில் இயல்பாகவும் இருக்க என்று குறிப்பு எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் மறைந்திருந்தது. எதற்கு என்று கேட்பது வழக்கமில்லை. ரொம்ப நேர்த்தியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவள் பாராட்டியிருந்தாள். ஒரே ஒரு குறையையும் சுட்டிக்காட்டியிருந்தாள்.

"என்ன குறை?"

ரெஹானா நிமிரவில்லை. "டிவிக் குரலையும் ஆள்னு எண்ணிக்குது, அதச் சரி பண்ணுங்கன்னு எழுதியிருந்தேன். மூணே நாள்ல பண்ணிக் குடுத்துட்டாரு."

கோகிலவாணி எத்தனை பேரிடம் இது இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள் என்றாள் ரெஹானா. அவர்களுக்கும் வீடு இருக்கும், வீட்டில் ஒரே ஒரு ஆளும் இருப்பாள் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

பூபதி மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத எடுத்துரும்மா," என்றான் ரெஹானாவிடம். "இப்பவே எடுத்துரு. நான் சம்மதிக்கிறேன்."

ரெஹானா முயன்றாள். திரை மறுத்தது. மறுபடி முயன்றாள். பூஜ்யத்தில் இருக்கும்போது மட்டுமே எதையும் மாற்றலாம் என்று துணுக்கின் கடைசி நான்கு வரி சொன்னது. மயக்கத்தில் வைத்து யாரும் என்னிடம் சம்மதம் வாங்கிவிடக்கூடாது என்பது அதற்கான விளக்கம். அந்த நான்கு வரிக்குத்தான் குழுவில் எல்லோரும் கைதட்டியிருந்தார்கள்.

"பூட்டுப் போட்டது நான்தான் கோகி," என்றான் பூபதி. "சாவி அவன்கிட்ட இருக்குது."

எங்கேயாவது போய்விடுங்கள் என்றாள் கோகிலவாணி. போனால் வாசலைத் தாண்டித் தனியாக நிற்கும்போது அங்கே நிற்பது நான் இல்லை, அவன் திரும்பி வந்துவிடுவான் என்றான். அவ்வளவு தெளிவாக அவன் சொன்னதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ரெஹானா எழுந்தாள். ஸ்கூட்டரில் ஏறுங்கள் அக்கா, எங்கள் வீட்டில் இருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம், குழுவில் சொல்லி இந்தத் துணுக்கை இன்றைக்கே நீக்கச் சொல்கிறேன் என்றாள். ஏற்கெனவே இறக்கியவர்களிடமிருந்து நீக்க முடியுமா என்று கோகிலவாணி கேட்கவில்லை. முடியாது என்பது ரெஹானாவின் முகத்திலேயே இருந்தது. நல்ல கையால் கைப்பையை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பள்ளிக்கூட வேன் வந்து நின்றது.

தருணிகா இறங்கினாள். அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள், ஸ்கூட்டரைப் பார்த்தாள், உள்ளே அழுதுகொண்டு நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். நீயும் கிளம்பு, போகும்போது சொல்கிறேன் என்றாள் கோகிலவாணி. அவள் அசையவில்லை.

பூபதி வாசல்வரை வந்தான். "அம்மா கூடப் போ கண்ணு. நான்தான் அம்மாவோட கைய ஒடச்சேன். நெசமாத்தான் சொல்றேன்."

"அம்மா சொல்லச் சொன்னாங்களாப்பா?"

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா நீ என்ன சொன்னாலும் அப்பா தலையாட்டிட்டேதான் இருந்தாரு. ஒன்பதுல வெச்சது நீதான்னு எனக்குத் தெரியும்மா. அப்பா காட்டுனாரு. போறதுன்னா நீ போ. அப்பாவ நான் பாத்துக்குவேன், எனக்கு யாரும் வேண்டாம்."

பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கோகிலவாணி ரெஹானாவைப் பார்த்தாள். "அந்தப் புரோகிராம் யாரோட குரல்னு பாக்குதா?"

ரெஹானா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்கக்கா. எத்தனைன்னு மட்டும்தான் பாக்கும்."

தான் போய்விட்டால் வீட்டில் ஒரே குரல். உள்ளே தருணிகா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு புத்தகப்பையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. கோகிலவாணி குனிந்து செருப்பைக் கழற்றினாள். நீ போ, நேரமாகிறது என்று ரெஹானாவிடம் சொன்னாள். நான் இங்கேயே இருக்கிறேன் அக்கா என்றாள் ரெஹானா. எத்தனை நாளைக்கு என்று கேட்டாள் கோகிலவாணி. ரெஹானா, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பூபதி கதவைப் பிடித்தபடி நின்றான். உள்ளே மகளின் முணுமுணுப்பு, எதிரே மனைவியின் மூச்சு. இரண்டு பேர் இருந்ததால் இன்னும் அவனாகவே இருந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போகும்போது, மகளுக்குக் கேட்காத குரலில், அவசரமாகச் சொன்னான்.

"தருணிகாவுக்கு அஞ்சு மணிக்கு டியூசன் இருக்குது கோகி. நாளைக்குக் கணக்குப் பரீட்சை, நீ வேண்டாம்னாலும் போயிருவா. அதுக்குள்ள எதாவது பண்ணு."

அப்போது மணி நாலு இருபது.